ம் கொட்டாத வாக்கியம்

கதை சொல்ல ஒருவர் இருந்தால் ம் கொட்ட ஒருவர் இருந்தாக வேண்டும் என்பது செங்கரட்டு மக்கள் எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்த நியதி. ம் கொட்ட ஆளில்லாமல் சொல்லப்பட்ட கதை சொன்னவரின் தொண்டையிலேயே தங்கிக் கழலையாகிவிடும் என்று மேலத்தெருவார் நம்பினர், கீழத்தெருவாரோ அது வீட்டின் மேல் ஏறிக்கொண்டு ஓடுகளை ஒவ்வொன்றாகச் சரித்துவிடும் என்றனர், அப்படியொரு கதையை நடுவழியில் நிற்க விடலாகாது என்பதில் மட்டும் இரு தெருவாரும் ஒன்றுபட்டிருந்தனர். ஆகவே, அவ்வூரின் பொது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீருக்குப் பதிலாக ஓர் ஆணின் குரல் எழுந்து, ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்து, காத்து நின்றபோது, அது எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று எவரும் கேட்கவில்லை. யார் ம் கொட்டுவது என்றுதான் கேட்டார்கள்.

அந்தக் குரல் யாருடையது என்பதை அங்கே அறிந்திருந்தவன் ஒருவன் மட்டுமே. அவன் கிணற்றைத் தோண்ட வந்த ரிக் வண்டியின் டிரில்லர் நாச்சிமுத்து. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரன், நாற்பதை நெருங்கியவன், அதிகம் பேசாதவன். அன்று காலையிலிருந்து இறக்கிய குழாய்கள் எல்லாம் வெள்ளைப் புகையையே கக்கின. உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டத்துக்கு இடம் பார்த்துச் சொன்ன பெரியவர் புகையைக் கண்டதும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சோளக்காட்டு வழியே போய்விட்டார். தொள்ளாயிரம் அடிக்குக் கீழும் ஈரம் இல்லை என்றானபின், குழாய்களை உருவிவிட்டு, தொழில் வழக்கப்படி நாச்சிமுத்து ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்துக் குழிக்குள் செலுத்தி, அடியில் ஏதேனும் மினுக்கம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தான். குனிந்தவனின் சட்டைப்பையிலிருந்து கைப்பேசி நழுவிற்று. காதிலிருந்த ஒயர் ஒரு கணம் அதைத் தாங்கிப் பிடித்தது, பிறகு கழன்றுகொண்டது. அது பாறையில் மோதி மோதி இறங்கும் ஒலி வெகுநேரம் வந்துகொண்டிருந்தது.

அந்தக் கைப்பேசிக்குள் இன்னாசி இருந்தான்.

இன்னாசி அதே வண்டியில் ஏழாண்டுகள் குழாய் மாட்டியவன், திண்டுக்கல்லுக்குத் தெற்கே பிறந்தவன். எஞ்சின் இரைச்சலுக்கு மேலாக அவன் குழாய்களின் எண்ணிக்கையைக் கூவினால், சுற்றி நிற்பவர்கள் தண்ணீரை மறந்து அவனைப் பார்ப்பார்கள். தெலங்கானத்துச் செம்மண்ணிலும் விதர்ப்பத்துக் கரிசலிலும், வண்டிக்கு அடியில் தார்ப்பாய் விரித்து, ஒரே போர்வைக்குள், அவன் கதை சொல்ல நாச்சிமுத்து ம் கொட்ட அந்த ஏழாண்டும் கழிந்தன. தங்களுக்கிடையே இருந்ததற்கு இருவரும் பெயர் எதுவும் வைக்கவில்லை, வைத்தால் யாரேனும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். பிறகு, புத்தகங்களை ஒலியாக்கி விற்கும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு அவன் குரல் பிடித்துப்போக, இன்னாசி வண்டியை விட்டு இறங்கினான்.

"ஒரு நாவல் முழுசாப் படிச்சுக் குடுத்திருக்கேன்டா நாச்சி," என்றான், கடைசியாகப் பேசியபோது. "ரெண்டு ஆம்பளைங்க. அவங்களுக்குள்ளதான் எல்லாம். படிக்கிறப்பத் தொண்டை அடைச்சுப்போச்சு எனக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொண்ணு ஓடியாந்து தண்ணி குடுத்துச்சு. நான் குடிக்கிற சத்தத்தைக்கூட வெட்டாம விட்டுட்டாங்களாம், நல்லாருக்குன்னு. கேக்கிறப்ப நீ ம் கொட்டணும், என்ன?"

"காதுல ஒயரை மாட்டிக்கிட்டு ம் கொட்டுனா கிறுக்கன்னு சொல்லுவானுங்க."

"சொல்லட்டுமே. இத்தன நாளா அவனுங்க உன்னைய அறிவாளின்னா சொன்னானுங்க?"

நாவல் வெளிவருமுன் இன்னாசி காய்ச்சலில் போய்விட்டான். அடக்கத்தன்று நாச்சிமுத்து வண்டி ஆட்களோடு கல்லறைச் சுவரோரம் நின்றான். குழிக்குள் மண் போட உறவுக்காரர்களை முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். பூமியைத் துளைப்பதையே பிழைப்பாகக் கொண்ட அவனை அந்தக் குழியருகே யாரும் கூப்பிடவில்லை, அவனும் போகவில்லை.

அதன்பின் ஒரு கிணற்றுக்கு ஓர் அத்தியாயம் என்று அந்த நாவலைக் கேட்டான். ஆற்றில் பரிசல் ஓட்டும் மாதேசனுடைய கதை அது. அந்த ஆற்றுக்குப் பாலம் கட்ட அளவெடுக்க வருகிறான் எழிலன். பாலம் எழும்ப எழும்பப் பரிசலுக்கு வேலை குறைகிறது, இருவருக்குமிடையே அன்பு கூடுகிறது. பாலம் முடிந்த அன்று எழிலனை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத் தன் பாலத்தின் மேலேயே நடந்து போகிறான். அவன் திரும்பி வந்தானா என்பது கடைசி அத்தியாயத்தில் இருந்தது. அதை மட்டும் நாச்சிமுத்து கேட்கவில்லை. கேட்டு முடித்துவிட்டால், இன்னாசி தன்னிடம் புதிதாகச் சொல்ல இனி ஒரு சொல்லும் மிச்சமிராது என்பதால், திரும்பத் திரும்ப முதல் அத்தியாயத்துக்கே போய்க் கடைசி அத்தியாயத்தின் வாசல்வரை வந்து நிறுத்திக்கொண்டான்.

கைப்பேசி விழுந்த அன்று வண்டி உதவியாளன் ஒருவனின் கைப்பேசியை வாங்கி அந்த நாவலைத் தேடினான். நாவலின் பெயர் இருந்தது. வாசித்தவர் இன்னாசி என்றும் இருந்தது. அழுத்தினால் வெட்டவெளியில் காற்று வீசும் ஓசை மட்டும் கேட்டது. வேறொருவரின் கைப்பேசியிலும் அதுவேதான். கதை உலகின் எல்லாக் கைப்பேசிகளையும் விட்டுக் கிளம்பிச் செங்கரட்டுக் குழிக்குள் இறங்கியிருந்தது. அன்று பொழுது சாய, நாவலின் முதல் வாக்கியம் குழிக்குள்ளிருந்து எழுந்தது: "ஆற்றுக்கு இரண்டு கரை உண்டு என்பதைப் பரிசல்காரன் மட்டும் நம்புவதில்லை."

"ம்," என்றது, அப்போதும் தண்ணீர் வரும் என்று குடத்தோடு காத்திருந்த கூட்டம்.

குரல் அடுத்த வாக்கியத்தைச் சொன்னது.

ஊர் அதைத் தன் நாட்களுக்குள் வாங்கிக்கொண்ட விதம் பற்றிப் பல பாடங்கள் உள்ளன. பந்தல் போட்டது மேலத்தெருவார் என்பது ஒரு பாடம். கீழத்தெருவார் போட்ட பந்தலுக்கு மேலத்தெருவார் ஓலை மட்டும் கொடுத்தனர் என்பது இன்னொன்று. குழியின் வாய்க்குழாயைச் சுற்றிச் சாணம் மெழுகிக் கோலம் போட்டார்கள் என்பதிலும், ம் கொட்டத் தெருவுக்கு ஒரு நாள் முறை வைத்தார்கள் என்பதிலும் வேறுபாடு இல்லை. தறிக்குப் போகிறவர்கள் போகும் வழியில் நான்கு ம் கொட்டிவிட்டுப் போனார்கள். பால் கறந்து வருகிறவர்கள் சொம்பை இறக்கிவைத்து நான்கு கொட்டினார்கள். மாடு மேய்ப்பவர்கள் கேட்டதைக் கரட்டுக்கு மேலே போய்ப் பிறருக்குச் சொன்னார்கள், சொன்னபோது தங்களுக்குப் பிடித்ததைச் சேர்த்துக்கொண்டார்கள். கதையின் நடுவே இன்னாசி தண்ணீர் குடித்த ஒலி வந்தபோது, மழை கண்டு மூன்றாண்டாகியிருந்த அந்தக் கூட்டம் முழுவதும் ஒருசேர எச்சில் விழுங்கிற்று; கைக்குழந்தைகள் அந்த ஒலிக்கு அழுகையை நிறுத்தின.

நாச்சிமுத்து பந்தலின் கடைசிக் கம்பத்தில் சாய்ந்து நின்று கேட்டான். வண்டியின் பல்சக்கரம் ஒன்று உடைந்து, மாற்றுச் சக்கரம் வரும்வரை காவலுக்கு இருக்கும்படி முதலாளி சொல்லியிருந்தார். சக்கரம் வந்து மாட்டிய பின்னும், இன்னும் சரியாகவில்லை என்று பொய் சொல்லிக்கொண்டு அவன் அங்கேயே இருந்தான். போர்வைக்குள் தனக்கு மட்டும் கேட்ட குரலுக்கு ஊரே ம் கொட்டுவதைக் கேட்கையில் அவனுக்கு முதலில் பொறாமையும், பிறகு தாங்க முடியாத ஒரு பெருமையும் உண்டாயின.

பந்தலருகே டீக்கடை போட்டிருந்த பாவாயி ஒருநாள் அவனிடம் டம்ளரை நீட்டியபடி கேட்டாள்: "ஏனுங்க தம்பி, அந்தக் குரலு உங்களுக்குத் தெரிஞ்சவிங்களுதுங்களா?"

"ஏங்க?"

"இல்ல, அவிய மூச்சு வாங்கறப்பல்லாம் நீங்களும் வாங்கறீங்க. அதாங் கேட்டேன்."

"இல்லீங்க," என்றான் நாச்சிமுத்து. டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனான்.

ஆற்றில் வெள்ளம் வந்த அத்தியாயம் வரை ஊருக்கு ஐயம் எதுவும் எழவில்லை. மாதேசனும் எழிலனும் கூட்டாளிகள், நல்லது, கூட்டாளிகள் ஒருவர் தட்டில் ஒருவர் சாப்பிடத்தான் செய்வார்கள். வெள்ளத்தன்று பரிசல் கவிழ்ந்து, மாதேசன் எழிலனைக் கரையேற்றிக் குடிசைக்குள் கொண்டுவந்து, துண்டால் அவன் தலையைத் துவட்டினான், பிறகு குரல் சொன்னது: "ஈரம் காயாத அந்த நெற்றியில் மாதேசன் முத்தமிட்டான், எழிலன் கண்களை மூடிக்கொண்டு, இன்னொன்று என்றான்."

பந்தலில் ம் எழவில்லை.

"என்னடா இது? அவனும் ஆம்பளை, இவனும் ஆம்பளை."

"கூட்டாளிங்கன்னா அப்படித்தானப்பா."

"கூட்டாளிக்கு எவன்டா முத்தங் குடுப்பான்? நீ எனக்குக் குடுப்பியா?"

"உம்பட மூஞ்சிக்கு எருமைகூடக் குடுக்காது."

சிரிப்பு எழுந்து அடங்கியது. கேட்கவும் மனமில்லை, பாதியில் நிறுத்தவும் அச்சம். கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருந்தது. குழிக்குள் அந்தக் குரல் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது தெளிவாகக் கேட்டது. நாச்சிமுத்துவின் வாய்க்குள் அந்த ஓர் எழுத்து உருண்டுகொண்டிருந்தது. அதைக் கொட்டினால் அத்தனை முகமும் தன் பக்கம் திரும்பும் என்று அவன் உதடுகளை இறுக்கிக்கொண்டான். மறுநாள் உச்சிப்பொழுது வரை பந்தல் அப்படியே இருந்தது.

பாவாயிதான் டீப்பாத்திரத்தை ஓசைப்பட இறக்கி வைத்தாள். "ஏனப்பா, தண்ணியில்லாத குழிக்குள்ள ஒரு மனுசன் மூச்சுப் புடிச்சுட்டு நிக்கறான், உங்களுக்கு ஆரு ஆருக்கு முத்தங் குடுத்தான்னுதான் பெருசாப் போச்சா? ஆம்பளையும் ஆம்பளையும் தொட்டா பூமி பொளந்துருமா? அதான் ஏற்கெனவே பொளந்து கெடக்குதே! ம்!"

குரல், நன்றியுள்ளதுபோல, சற்று விரைந்து தொடர்ந்தது.

ஆனால் ஒருத்தியின் ம் ஒரு நாளைக்கே போதும். பந்தலை விட்டு வீடு போன கதை வீட்டுக்கு வீடு ஆடை மாற்றிக்கொண்டது. மேலத்தெருப் பாடத்தில் எழிலன், அளவெடுக்க ஆண் வேடத்தில் வந்த அதிகாரி மகளானான். கீழத்தெருப் பாடத்தில் இருவரும் ஆற்று வெள்ளத்தில் பிரிந்த அண்ணன் தம்பிகள், நெற்றியிலிருந்த தழும்பைக் கண்டுதான் அந்த முத்தம். கரட்டு மேய்ப்பர் பாடத்தில் எழிலன் என்பவனே இல்லை, ஆற்றில் செத்த ஒரு கன்னிப்பெண்ணின் ஆவி அது. ஒருவர் பாடத்தை மற்றவர் ஒப்பவில்லை. குழி சொல்வது பிழை என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போயினர். ஊர்த்தலைவர் ராக்கியண்ணன், கடுஞ்சொல் அறியாதவர், மழைக்காகத் தன் தாடியை மழிக்காமல் வேண்டுதல் வைத்திருந்தவர், ஒரு மாலை குழியருகே குந்தி உட்கார்ந்து, கைகூப்பி, வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"சாமீ, கதை நல்லாத்தானுங் போகுது. அதுல ஒண்ணும் கொறையில்லீங். பொண்ணு புள்ளைங்க ஒக்காந்து கேக்கற எடமுங். அந்த ஒண்ணை மட்டும் கொஞ்சம் மாத்திச் சொன்னீங்கன்னா, நாங்க எம்மாந்நேரம் வேணுமின்னாலும் ம் கொட்டறமுங்."

குழிக்குள் ஒரு கனைப்பு கேட்டது.

நாச்சிமுத்து கம்பத்தை விட்டு நிமிர்ந்தான். அந்தக் கனைப்பை அவன் அறிவான். ஊரிலிருந்து இன்னாசியின் அம்மா கூப்பிட்டுப் பெண் பார்த்திருப்பதாகச் சொல்லும்போதெல்லாம், போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து, "சரிம்மா, பாக்கலாம்மா" என்று சொல்லுமுன் இன்னாசி அப்படித்தான் கனைத்துக்கொள்வான். பிறகு குரல் சொன்னது: "எழிலி தன் நீண்ட கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு, மாதேசனைப் பார்த்து நாணினாள்."

"ம்!" என்றது ஊர், ஒரே குரலில். சிலர் கைதட்டினார்கள்.

அன்றுமுதல் எழிலன் என்ற பெயர் அந்தக் குழியிலிருந்து வரவில்லை. போர்வைக்குள் ரகசியம் பேசிய அதே குரல், அதே இடத்தில் தழுதழுத்து, அதே இடத்தில் தண்ணீர் குடித்து, வளையல்களையும் மல்லிகைச் சரத்தையும் பற்றிச் சொல்லிக்கொண்டு போயிற்று. ம் கிடைக்கவேண்டும் என்பதற்காக, பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக, செத்த பிறகும் இன்னாசி தன்னையே திருத்திக்கொண்டிருந்தான். தானும் பாவாயியிடம் 'இல்லீங்க' என்று சொன்னதை நினைத்துக்கொண்ட நாச்சிமுத்து அவன்மேல் கோபப்படவும் வழியற்றவனானான்.

எழிலி பாலத்தின் மேல் நடந்து போய், கதை கடைசி அத்தியாயத்தின் வாசலில் வந்து நின்ற அன்று, ராக்கியண்ணன் எழுந்து அறிவித்தார்: "நாளைக்குப் பொழுதோட பந்தல்ல கல்யாணம். பரிசல்காரனுக்கும் அந்தப் புள்ளைக்கும். மாலை, மஞ்சத்தண்ணி எல்லாம் வந்தறோணும். குரலு கல்யாணம்னு சொல்றவரைக்கும் ஆரும் ம் கொட்டக் கூடாது. சொந்தபந்தத்துக்கெல்லாம் இப்பவே சொல்லிப்போடுங்க."

மறுநாள் முற்பகலில் ஊர் காலியாயிருந்தது; பூ வாங்கவும் உறவினரை அழைக்கவும் ஆட்கள் போயிருந்தார்கள்; பந்தலில் ஆடுகள் படுத்திருந்தன. நாச்சிமுத்து ரிக் வண்டியைக் குழியருகே கொண்டுவந்து நிறுத்தினான். அவன் எண்ணியது எளிது: முனை மாட்டாத வெறுங்குழாயை இறக்கி, கம்ப்ரசர் காற்றை அழுத்திவிட்டால், உள்ளே கிடப்பது கல்லானாலும் மண்ணானாலும் மேலே வந்து விழும்; நூறு குழிகளில் செய்த வேலை. கைப்பேசி மேலே வந்துவிட்டால் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, இந்த ஊரைவிட்டு, கடைசி அத்தியாயம் கேட்கப்படாமலே, திருத்தப்படாமலே, தன்னிடம் என்றைக்கும் மிச்சமிருக்கும்படி போய்விடலாம்.

குழாய்களை இறக்கி முடித்து எஞ்சினைக் கிளப்பும் முன் ஒரு கணம் அமைதியாக இருந்தது. அவன் நிழல் குழியின் வாயில் விழுந்ததோ, காலடியை அறிந்துகொண்டதோ, கேட்காமலே குரல் எழுந்தது. கனைப்பு இல்லை. வளையல் இல்லை. தார்ப்பாயின் மேல் பேசிய பழைய தாழ்ந்த குரல்.

"பாலம் திறந்த மூன்றாம் மழைக்காலத்தில், யாரும் வராத பரிசல் துறைக்கு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாலை வெளிச்சத்தில் ஒருவன் வந்து நின்றான்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தது.

நாச்சிமுத்து குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். பார்க்க யாருமில்லை, கிறுக்கன் என்று சொல்லவும் ஆளில்லை, ஆடுகள் மட்டும் அசைபோட்டுக்கொண்டிருந்தன. ஒரு ம் போதும். ஆனால் அந்த ம்முக்குப் பிறகு அடுத்த வாக்கியம் வரும், அதற்கடுத்து வரும், இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் வந்து முடிந்துவிடும், பிறகு இந்தக் குரலுக்கு அவனிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. உதடுகளைச் சேர்த்தவன், சேர்த்த உதடுகளுக்குள் ஓசையை எழுப்பாமல், கம்ப்ரசரின் கைப்பிடியை இழுத்தான்.

காற்று இறங்கிற்று. முதலில் புகை வந்தது. பிறகு சரளை வந்தது. பிறகு பூமிக்கடியில் எங்கோ ஒரு பாறை, நெடுங்காலம் பிடித்துவைத்திருந்த வாயைத் திறப்பதுபோல, விட்டுக்கொடுக்கும் ஓசை கேட்டது. அவன் கைப்பிடியைத் தள்ளினான், எஞ்சினை நிறுத்தினான், நிறுத்திய பிறகும் அது நிற்கவில்லை. செந்நீராக, பிறகு பால்நிறமாக, பிறகு வானம்போலத் தெளிந்து, பனைமர உயரத்துக்குத் தண்ணீர் எழுந்து பந்தலின் ஓலைகளைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. விழுந்த தண்ணீருக்குள் அவன் முழந்தாளிட்டு இரு கைகளாலும் துழாவினான், கைப்பேசி இல்லை, கூழாங்கற்கள் மட்டுமே இருந்தன.

பூவோடு திரும்பி வந்தவர்கள் பூவைப் போட்டுவிட்டுக் குடங்களை எடுத்தார்கள். ராக்கியண்ணன் அவன் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி, நீங்க மனுசனில்லீங், நீங்க மனுசனில்லீங்," என்று சொல்லிச் சொல்லி அழுதார். கல்யாண மாலையை அவன் கழுத்தில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு தெருக்களைச் சுற்றினார்கள். தோண்டியவனே முதல் சொம்பு குடிக்க வேண்டும் என்பது வழக்கம். பாவாயி கொண்டுவந்து கொடுத்தாள். அவன் குடித்தான். விழுங்கும் ஓசை தன் காதுக்கே பெரிதாகக் கேட்டது. அவள் அவன் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "தெரிஞ்சவியதான், இல்லீங்களா?" என்றாள். இந்த முறை அவன் இல்லை என்று சொல்லவில்லை.

கதை முடியாமல் நின்றதைப் பற்றி ஊர் கவலைப்படவில்லை; அவரவர் பாடத்துக்கு அவரவர் முடிவு கட்டிக்கொண்டார்கள். மேலத்தெருவில் மாதேசனுக்கும் எழிலிக்கும் பாலத்தின் மேலேயே கல்யாணம் நடந்தது. கீழத்தெருவில் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் இரு மருமகள்களோடு வாழ்ந்தார்கள். கரட்டு மேய்ப்பர்கள் ஆவியை ஆற்றிலேயே கரைத்துவிட்டார்கள். கிணற்றுக்கு மோட்டார் வந்தது, தொட்டி வந்தது, தெருவுக்குத் தெரு குழாய் வந்தது. சோளம் நன்றாக விளைந்தது.

ரிக் வண்டி வேறு டிரில்லரோடு வடக்கே போயிற்று. நாச்சிமுத்து போகவில்லை. மோட்டார் போடும் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள், இருந்துகொண்டான். மாலைகளில், குடங்கள் எல்லாம் நிறைந்து ஆட்கள் போனபின், மோட்டாரை நிறுத்திவிட்டு, மூடிபோட்ட அந்த வாய்க்குழாயின் மேல் காதை வைத்துக் குந்துவான். கீழே, வெகு கீழே, தண்ணீர் நிறைந்து கிடக்கும்.

"ம்," என்பான்.

காத்திருப்பான்.

"ம்."

யாரும் வராத பரிசல் துறையில், மாலை வெளிச்சத்தில், பையைத் தோளிலிருந்து இறக்காமல் ஒருவன் நிற்கிறான். அக்கரையில் குடிசைக் கதவு திறந்ததா என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.